கறுப்புத் துணியில் கறுப்புக் குருசு

மரிக்வில், சிட்னி
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நெஞ்சில் கை வைக்கவேண்டாம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் எடுத்தால் பேதுரு அத்தான் ஸ்பீக்கரில் போட்டு அடுத்த வீட்டு நாய்க்கும் கேட்கவைப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உங்கள் விரல் பட்டுக் குடும்பக் குழுவுக்குப் போய்விடும். அத்தானின் மூலவியாதி மருந்துச் சீட்டு கனடாவரை போனதும், அங்கேயிருந்து பெரியம்மா பத்தியம் சொன்னதும் நினைவிருக்கிறதுதானே? கடிதம் என்றால் நீங்கள் மட்டும் படிப்பீர்கள். கோபம் வந்தால் கிழிக்கலாம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை அடித்து வைப்பதைவிட அது எவ்வளவோ மரியாதை.

ஒரு உதவி வேண்டும். நாடகக் கம்பனிகளுக்கு உடுப்புத் தைக்கிற வேலையோடு, இப்போது ஒரு படத் தொடருக்கும் உடுப்புப் பொறுப்பு என்னிடம்தான். சின்னக் கூட்டம், இணையத்தில் மட்டும் வருகிற படம். ஆம்பிளைகள் கூட்டமாகச் சேர்ந்து கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மாதிரி விளையாடுகிற படம். அதில் கண்பட்டிதான் முக்கியம். கடையில் வாங்கிய பட்டிகள் பாதியிலேயே வழுக்கி மூக்கில் வந்து நிற்கின்றன. ஆளை ஆள் பார்த்துவிட்டால் படத்தில் ஒன்றும் இல்லை.

கோயில் பிக்னிக்கில், கண்ணைக் கட்டித் தடியால் மண்முட்டி உடைக்கிற போட்டிக்கு நீங்கள் தைத்த பட்டி ஒருநாளும் வழுக்கியதில்லை. எனக்குக் கட்டும்போது மட்டும் மூக்கோரத்தில் ஒரு இடைவெளி விட்டீர்கள். நான் முதல் அடியிலேயே முட்டியை உடைத்தேன். லம்பேட் அண்ணர் “கள்ளன், கள்ளன்” என்று மைதானம் முழுக்கக் கத்தினார். நீங்கள் பாற்சோற்றைக் கிளறிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றீர்கள்.

சாட்டின் துணி இதோடு அனுப்பியிருக்கிறேன். இடைவெளி இல்லாமல் தைத்துத் தருவீர்களா?

நவீன்ராஜ் சுகம். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பி,
கிறிஸ்ரியன்

*

மடு மாதா துணை

கிரான்பர்ன், மெல்பேர்ன்
28 பெப்ரவரி 2024

அன்பில்லாத தம்பிக்கு,

மூன்று நத்தார்ப் பண்டிகைக்கு இந்த வீட்டு வாசலை மிதிக்காதவனுக்கு, கண்பட்டி வழுக்கியதும் அக்காவின் நினைவு வந்துவிட்டது. ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்? துணியைத் திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். பிறகு விரித்துப் பார்த்தேன். நல்ல சாட்டின். துணிமேல் எனக்கு என்ன கோபம்?

மூன்று மடிப்பாகத் தைத்திருக்கிறேன். உள்ளே மெல்லிய பனலெட் துணி, தோலுக்கு உறுத்தாது. எலாஸ்டிக்கைத் துணிக்குள் விட்டிருக்கிறேன், தலைமயிரில் சிக்காது. மூக்கடியில் ஒரு மடிப்பு வைத்திருக்கிறேன், எந்த இராட்சத மூக்கனுக்கும் சரிவரும். தலைகீழாக நின்றாலும் வழுக்காது.

வளர்ந்த ஆம்பிளைகள் முட்டி உடைக்கிறதைப் படம் பிடிக்க ஒரு கூட்டம், அதைப் பார்க்க ஒரு கூட்டம். அவுஸ்திரேலியாவில் எதற்கும் ஆள் உண்டு. சித்திரை வருடப் பிறப்புக்கு விடப்போகிறீர்கள் போல. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் தள்ளி நிற்கச் சொல்லு. போன வருடம் இங்கே ஒருவர் முட்டிக்குப் பதிலாகச் சுந்தரம் மாஸ்டரின் தோளைப் பதம் பார்த்தார். நான் ஒவ்வொரு பட்டியையும் தைத்து முடித்ததும், ‘இதைக் கட்டுகிறவனுக்கு ஒரு அடியும் படக்கூடாது மாதாவே’ என்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லித்தான் வைத்தேன்.

இனி என் விசயம். அனோஜினிக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. பெடியன் பெயர் சஞ்சீவ், வெரிபீயில் இருக்கிறார்கள், நல்ல சனம். நவம்பர் பதினாறு. அவளே பார்த்து, அவளே பேசி, எங்களுக்குக் கடைசியில் சொன்னாள். காலம் அப்படி. நீ ஒரே தாய்மாமன். அவள் சின்னதிலிருந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். நீ வராமல் நான் அவளை எப்படிக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன்?

ஆனால் தனிய வா.

எனக்கு அந்தப் பிள்ளைமேல் ஒரு வன்மமும் இல்லை. ஆனால் மண்டபத்தில் முன்னூறு பேர் வந்து, “இது ஆர்?” என்று கேட்டால் நான் என்ன சொல்லுவது? யோசித்து எழுது.

யசிந்தா அக்கா

*

மரிக்வில்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

ஒன்றுகூட வழுக்கவில்லை. ஆறடி உயரமான ஒருவர், முன்னாள் ரக்பி ஆட்டக்காரர், கழற்றிய பிறகு பட்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். படத்தில் உடுப்பைப் பற்றி ஒருவர் என்னிடம் நல்லதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆனால் அக்கா, மூலையில் சின்னச் சிலுவைக் குருசு! கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறீர்கள். கீழே இரண்டு இலை வேறு. சும்மா பார்த்தால் தெரியவில்லை. படப்பிடிப்பு விளக்கைப் போட்டதும்தான் மினுங்கியது. உங்கள் கையிலிருந்து போகிற எந்தத் துணிக்கும் அந்தக் குருசு இல்லாமல் இருக்காது என்பதை நான் மறந்துவிட்டேன். அத்தானின் குளிர்சாதனக் களஞ்சியத்து யூனிபோர்மிலேயே போட்டவர் நீங்கள். நான் சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கண் இரண்டும் பூத்துவிட்டது. அடுத்த தொகுதி தைத்தால் குருசு வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

அனோஜினிக்கு என் முத்தம். சஞ்சீவைப் பற்றி அவள் எனக்குப் போன வருடமே சொல்லிவிட்டாள், கோபிக்கவேண்டாம்.

நீங்கள் யோசித்து எழுதச் சொன்னீர்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நவீன்ராஜும் நானும் ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒரே கடனில் பதினொரு வருடமாக இருக்கிறோம். எனக்குக் கொரோனா வந்தபோது கதவடியில் கஞ்சி வைத்துவிட்டு வெளியே நிலத்திலேயே படுத்திருந்தவர் அவர். அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேக் சாப்பிட மாட்டேன். அழைப்பு அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேரும் வருகிறோம். ஒரு பெயர் இருந்தால் ஒருவரும் இல்லை.

“இது ஆர்?” என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். நவீன்ராஜ். மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர், மருந்துக்கடைக்காரர், உங்களைவிட நல்ல மீன்குழம்பு வைப்பார்.

கடைசி வசனத்துக்குக் கோபம் வந்தால் கிழிக்கலாம்.

கிறிஸ்ரியன்

*

மடு மாதா துணை

கிரான்பர்ன்
2 யூன் 2024

தம்பி,

லம்பேட் அண்ணர் வீட்டுக்கு வந்தார்.

உனக்கு அவரைத் தெரியும். தாயைப் பார்க்கவேண்டும் என்று கலியாணம் கட்டாமல் இருந்தார். தாய் போன பிறகும் கட்டவில்லை. கோயிலில் பீடத் துணிகளுக்கு அவர்தான் பொறுப்பு. நான் தைத்துக் கொடுப்பதையெல்லாம் தோய்த்து, ஸ்திரி போட்டு, மடித்து வைக்கிறவர். என் குருசை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கதிரையின் நுனியில் இருந்தார். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

“தங்கச்சி, நீங்கள் வெளியிலையும் தைச்சுக் குடுக்கிறனீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை. தம்பியின்ரை படத்துக்குக் கண்பட்டி தைச்சனான்.”

“அது என்ன படம் எண்டு தெரியுமோ?”

“முட்டி உடைக்கிற படம்.”

மனிசனுக்குப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சநேரம் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்டுமில்லைத் தங்கச்சி. கறுப்பிலை கறுப்பு நூல். கிட்டத்திலை காட்டேக்கை வெளிச்சம் பட்டுத் தெரியுது. கோயில் கமிட்டியிலை வேறை ஆரும் கண்டால் கரைச்சல். அதுதான் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

“நீங்கள் எங்கை கண்டனீங்கள் அண்ணை?”

“போட்டு வாறன்” என்று எழும்பி, வாசலில் கிடந்த அத்தானின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருடைய சப்பாத்து இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

அனோஜினியைக் கேட்டேன். அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “மம், இட்ஸ் அ கே அடல்ட் சீரிஸ். மாமா டஸ் தி வார்ட்ரோப். எவ்ரிபடி நோஸ்” என்றாள். எவ்ரிபடி! இந்த வீட்டில் நான்தான் ஒரு ஆளில்லை போல.

உடுப்பே இல்லாத படத்துக்கு நீ உடுப்புப் பொறுப்பு. மொட்டையனுக்குச் சீப்பு விற்கிற வேலை. இதற்குத்தான் அப்பா உன்னைப் படிப்பித்தாரா?

நீ என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் தைத்திருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் பிக்னிக்கையும் பாற்சோற்றையும் எழுதி என்னை மயக்கினாய். நானும் ஒரு விசரி மாதிரி ஒவ்வொரு பட்டிக்கும் மந்திரம் சொல்லித் தைத்தேன். குருசைப் பிரித்தேன் என்றாயே, பிறகு எப்படி அந்த மனிசன் கண்டார்? பூசையில் நன்மைத் தட்டு துடைக்கிற துணியில் இருக்கிற அதே குருசு. எனக்கு இப்போது பீடத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கலியாணத்துக்கு நீ வருவதைப் பற்றி நான் இனிக் கதைக்கவில்லை. உன் விருப்பம்.

யசிந்தா

*

மரிக்வில்
10 யூன் 2024

அக்கா,

ஒரு குருசைத் தவறவிட்டுவிட்டேன். கறுப்பில் கறுப்பு. அந்த ஒன்றுதான் கமராவுக்குக் கிட்டவும் வந்து நின்றிருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரிந்துதான் பிளேட்டோடு இருந்தேன். பொய் சொன்னதற்கும் மன்னிப்பு. ஆனால் வேலைக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆண்களும் ஆண்களும் சேர்ந்திருக்கிற படம். கூட்டமாக, கண்ணைக் கட்டிக்கொண்டு. எல்லோரும் வளர்ந்தவர்கள், விரும்பி வருகிறவர்கள். கையெழுத்தும் இரத்தப் பரிசோதனையும் முடியாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டோம். ஏன் கண்ணைக் கட்டவேண்டும் என்றால், எங்கள் ஆட்களும் கலியாணத் தரகர் மாதிரித்தான். வயது, நிறம், தொப்பை, வழுக்கை எல்லாம் பார்த்து ஆளைத் தள்ளிவைப்பார்கள். கண்ணைக் கட்டினால் அந்தச் சோலி இல்லை. பஸ் ஓட்டுகிற ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர், தன்னை ஒருவர் தொட்டு எத்தனையோ வருடம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

என் வேலை என்ன தெரியுமா? யாராவது பக்கத்தில் இருப்பவரை இரண்டு தரம் தட்டினால் எல்லாம் நிற்கும். விளக்குப் போடுவார்கள். நான் ட்ரையரில் சூடாக்கி வைத்த குளியல் கவுன்களோடு ஓடிப்போய் ஆளாளுக்குப் போர்த்திவிடுவேன். தேத்தண்ணி கொடுப்பேன். நவீன்ராஜ் சுட்ட வாழைப்பழ கேக் கொடுப்பேன். உடுப்பே இல்லாத இடத்தில்தான் அக்கா உடுப்புக்காரனுக்கு உண்மையான வேலை.

இன்னொன்று. ஒவ்வொரு பாகமும் என் கையோடுதான் தொடங்கும். முகம் தெரியாது, கை மட்டும். ஒவ்வொருவருக்கும் நானே கட்டிவிட்டு, “சரியா? இறுக்கமா?” என்று கேட்பேன். அவர் தலையாட்டினால்தான் மற்றது.

நீங்கள் ஒரு அடியும் படக்கூடாது என்று மந்திரம் சொன்னீர்கள். அது பலித்துவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

லம்பேட் அண்ணரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாததை விட்டுவிடுங்கள். ஆனால் அவர் வந்தாரே. உங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று, தன் வாயால் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் அக்காவுக்காக அதை அவரால் செய்ய முடிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

கிறிஸ்ரியன்

*

கிரான்பர்ன்
7 யூலை 2024

தம்பி,

மிச்சத் துணியை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு விசயம் இல்லை.

யசிந்தா

*

மரிக்வில்
19 ஓகஸ்ட் 2024

அக்கா,

துணி கிடைத்தது.

நவம்பர் பதினாறு அன்று நாங்கள் வீட்டில்தான் இருப்போம். அனோஜினிக்கு ஒரு பட்டு வாங்கியிருக்கிறோம், நவீன்ராஜ்தான் நிறம் பார்த்தார். தபாலில் வரும். அவளிடம், மாமாவுக்கு அன்று வேலை என்று சொல்லிவிடுங்கள். நம்பமாட்டாள். சொல்லுங்கள்.

அவர் என்னைத் தனியப் போகச் சொல்கிறார். “ஒரே மருமக, போய்ட்டு வாங்களேன், நான் என்னா காணாமலா போயிடுவேன்?” என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு மூன்று நாளாக மீன்குழம்பில் உப்பே போடவில்லை.

கிறிஸ்ரியன்

*

மடு மாதா துணை

கிரான்பர்ன்
22 செப்டெம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் பார்த்துவிட்டேன்.

பயப்படாதே, முழுக்க இல்லை. அனோஜினியிடம், “எனக்கு அந்தக் குருசு இருக்கிற இடத்தை மட்டும் காட்டு, வேறை ஒண்டும் கண்ணிலை படக்கூடாது” என்றேன். அவள் லாப்டொப்பின்மேல் தேத்தண்ணித் துவாயைப் போட்டு மூடி, ஒரு மூலையை மட்டும் விட்டாள். சத்தத்தையும் நிறுத்தச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள். கலியாணம் முடிக்கப்போகிற பிள்ளை, தாயோடு இருந்து பார்க்கிற படமா இது! மாதாவின் படத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இருந்தேன்.

முதலில் ஒரு கை வந்தது. பெருவிரலில் அந்தத் தழும்பு. என் தையல் மெசினுக்குள் விரலை விட்டுவிட்டு நீ வீட்டைத் தலைகீழாக்கிய நாள்தானே அது? உன் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நரைத்த தலை ஒன்று. நீ பட்டியைக் கட்டினாய். முடிச்சுக்குள் மயிர் போகாமல் விரலால் ஒதுக்கினாய். காதை மடிக்காமல் விட்டாய். என்னவோ கேட்டாய். அந்தத் தலை ஆடியது. பிறகு நீ அந்தத் தலையில் ஒருதரம் கையை வைத்து எடுத்தாய்.

நான் உனக்குக் கட்டிவிட்டு அப்படித்தான் செய்வேன். நீ அதைக் கவனித்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

அதோடு துவாயை இழுத்து முழுக்க மூடிவிட்டேன். போதும். குசினிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன். பிறகு சம்பல் இடித்தேன். நீ செய்கிற வேலை எனக்கு விளங்கவில்லை. இனியும் விளங்காது. பார்க்கவும் மாட்டேன். ஆனால் நீ கெட்டுப்போனவன் என்று மூன்று வருடமாக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கை கெட்டுப்போனவனின் கை இல்லை. அது எனக்கு விளங்குகிறது.

குருசு விசயத்தைப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். உள்ளே இருமினாரோ சிரித்தாரோ தெரியாது. “மகள், தையல் பாவமில்லை” என்று மட்டும் சொன்னார். ஆனாலும் அடுத்த தொகுதிக்கு என் குருசு கிடையாது. தைத்துத் தருவேன், குருசு தரமாட்டேன். எலாஸ்டிக்கும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, துவாய் இடுக்கிலேயே கண்டேன். தோய்க்கும்போது சுடுதண்ணியில் போடாதே.

அட்டை இதோடு இருக்கிறது. பெயரைப் பார்.

அத்தானிடமும் சொல்லிவிட்டேன். ரீவியை நிறுத்தினார். பிறகு, “அந்தப் பெடியன் குடிப்பானோ?” என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். “அப்ப என்ரை மேசையிலை விடு” என்றார்.

பார்சலுக்குள் இரண்டு கைலேஞ்சி இருக்கிறது, கோட்டுப் பையில் வைக்க. நீ அனுப்பிய அதே கறுப்புச் சாட்டின்தான். யூலையில் கோபமாகத் திருப்பி அனுப்பியபோதும் ஒரு துண்டு வெட்டி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஏன் வெட்டினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. மூலையில் என் குருசு, கீழே இரண்டு இலை. இந்த முறை வெள்ளை நூல். எல்லோருக்கும் தெரியட்டும்.

ஒன்று உனக்கு, ஒன்று நவீன்ராஜுக்கு. மண்டபத்தில் யாருக்காவது அந்தக் குருசை வேறெங்கோ கண்ட ஞாபகம் வந்தால், எங்கே கண்டது என்று அவர் முதலில் சொல்லட்டும். பிறகு நான் பதில் சொல்கிறேன்.

மீன்குழம்புக்கு உப்புப் போடச் சொல்லு.

உன் அக்கா,
யசிந்தா

*

மரிக்வில்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டித்தந்த பலகாரம் விமானத்திலேயே பாதி முடிந்துவிட்டது. அத்தானோடு போட்டி போட்டதால் நவீன்ராஜுக்கு இரண்டு நாள் தலையிடி. ஆனால் கேட்டால், “உங்க அத்தான் தங்கமான மனுசன்” என்கிறார்.

நீங்கள் ஓடித்திரிந்ததால் சில விசயங்கள் உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் குடும்பப் படம் எடுக்கும்போது நவீன்ராஜ் மெல்லமாக விலகித் தூணடிக்குப் போனாரே, எங்கேயும் அவர் அப்படித்தான். யாரும் சொல்லுமுன் தானாக விலகிவிடுவார். நீங்கள் அத்தனை சனத்துக்கும் முன்னால், “நவீன்ராஜ், எங்கை போறீர்? குடும்பப் படம் எண்டு சொன்னது காதிலை விழேல்லையோ?” என்று கத்தினீர்கள். உங்களுக்கு அது வழக்கமான கத்தல். அந்த மனிதர் அன்று ஹோட்டலுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் அப்படியே இருந்தார். “அக்கா என்னைத் திட்டினாங்க” என்றார். இவ்வளவு சந்தோசமாக ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

“இது ஆர்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்சப் பேர் லேஞ்சியைப் பார்த்தார்கள். இரண்டு பேர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டு, உடனே திரும்பிச் சிற்றுண்டித் தட்டைப் பார்த்தார்கள். பெயர் சொல்லமாட்டேன். உங்கள் கமிட்டி நன்றாக இருக்கட்டும்.

கேக் வெட்டிய பிறகு லம்பேட் அண்ணர் எங்கள் மேசைக்கு வந்தார். அத்தானின் சப்பாத்தைத்தான் போட்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு நவீன்ராஜுக்குப் பக்கத்தில் இருந்தார். காலநிலை கதைத்தார். ட்ருகனினாவில் தன் தங்கை மகனின் புது வீட்டுக்குக் கூரை ஒழுகுவதைக் கதைத்தார். எழும்பும்போது எனக்குக் கை தந்தார். கையை உடனே விடவில்லை. என் பெருவிரல் தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தம்பி,” என்றார். கையைக் கொஞ்சம் கீழே இழுத்தார். குனிந்தேன்.

“அடுத்த பாகம் எப்ப?”

நவீன்ராஜுக்குக் கேக் தொண்டையில் இறுகிவிட்டது. லம்பேட் அண்ணரே முதுகில் தட்டினார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. எங்கள் மேசையில் என்ன பகிடி என்று நீங்கள் மேடையிலிருந்து கையால் கேட்டது அப்போதுதான்.

அடுத்த பாகம் பெப்ரவரியில். புதுத் தொகுதிக்குத் துணி அனுப்புகிறேன். குருசு வேண்டாம், மந்திரம் மட்டும் விடாமல் சொல்லுங்கள்.

துணியில் மிச்சம் வரும். அதில் லம்பேட் அண்ணருக்கும் ஒரு லேஞ்சி தைத்துக் கொடுங்கள், சப்பாத்தை மாற்ற வரும்போது. வெள்ளை நூலா கறுப்பு நூலா என்று அவரையே கேளுங்கள்.

உங்கள் தம்பி,
கிறிஸ்ரியன்